அம்மா ஏறிப் போன வேன்

மூணு வருஷம் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் கிடந்த புரட்டாசி நேரம். எங்க ஊரு சிவகாசியிலருந்து சாத்தூர் போற வழியில இருக்கு. பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடிச்சாத்தான் எங்களுக்கு விடிஞ்ச மாதிரி. அரசமரத்து ஸ்டாப்புல ஒவ்வொரு கம்பெனி வேனா வந்து நிக்கும். தூக்குச்சட்டியோட நிக்கிற பொம்பளைக ஏறுவாக, வேன் போயிரும். கொஞ்ச நேரத்துல ஸ்டாப்புல ஒரு ஈ காக்கா இருக்காது.

எங்கம்மா பாதி ஆயுசு அந்த வேன்லதான் போனா. சரவெடிக்கு சரம் பின்னுற வேலை. எங்கப்பா செத்த பெறகு சரம் பின்னித்தான் என்னையும் எங்க அண்ணனையும் வளத்தா. ஊர்க்கதை பூராவும் பேசிக்கிட்டே பின்னுவா, கை பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். அறுபது தாண்டுனதும் நாந்தான் "போதும்மா, சித்த உக்காரு"ன்னு வேலையை நிறுத்தி, என்கூட வச்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுறவரு. சீசன்ல பட்டாசு லோடு ஏத்திக்கிட்டு வடக்க போனா எப்ப திரும்புவாருன்னு அவருக்கே தெரியாது. நான் சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல பைண்டிங் வேலை பாத்தேன். எங்க பக்கம் தீபாவளி சீசனும் காலண்டர் சீசனும் ஒண்ணா வந்து மேல விழும். அந்த நேரத்துல லீவு கேட்டா சூப்பர்வைசர் நம்மளை ஒரு மாதிரியா பாப்பாரு.

அம்மாவுக்கு ஆரம்பத்துல சின்னச் சின்னதாத்தான் இருந்துச்சு. கொழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டா. கடைக்குப் போயி, எதுக்கு வந்தேன்னு கடைக்காரரையே கேட்டா. வயசாச்சுல்லன்னு சிரிச்சுக்கிட்டோம். ஒருநாள் எங்க அண்ணன் கோயமுத்தூர்லருந்து போன் பண்ணினான். அம்மா நல்லாத்தான் பேசினா. பேசி முடிச்சு போனை எங்கிட்ட நீட்டி, "யாரோ பேசுறாக. மருவாதியா பேசுறாக. யாருன்னு கேளு"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

விருதுநகர்ல ஒரு நரம்பு டாக்டரம்மா கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, கேள்வி கேட்டாங்க, கடிகாரம் வரையச் சொன்னாங்க, கடைசியா மூளையை ஸ்கேன் எடுத்தாங்க. ரிப்போர்ட் வாங்குற எடத்துல ஒருத்தரு படத்தைப் பாத்துட்டு, "மூளை சுருங்கியிருக்கும்மா"ன்னு சும்மா மழை வருதும்மாங்கிற மாதிரி சொல்லிட்டாரு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. வராண்டாவுல உக்காந்து அழுதேன். எங்கம்மா என் முதுகைத் தடவி விட்டு, "எதுக்கு அழுகுறே, யாருக்கு என்ன?"ன்னு கேட்டா.

டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க. வயசாக ஆக எல்லாருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கத்தான் செய்யுமாம். சுருக்கம் இருக்குன்னு எழுதினாலே நோய்னு அர்த்தம் இல்லையாம். ஆனா அம்மாவுக்கு புதுசா நடக்கிறதைப் பிடிச்சு வைக்கிற பகுதி வயசுக்கு மிஞ்சி சுருங்கியிருக்கு, அங்கன நரம்பு செல்லுங்க கொஞ்சங்கொஞ்சமா செத்துக்கிட்டு வருது, மத்த டெஸ்ட்டையும் சேத்துப் பாத்தா அல்சைமர்ங்கிற மறதி நோய்னு சொன்னாங்க. "மாத்திரை தர்றேன். போனது திரும்பி வராது, ஆனா இருக்கிறது கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்க உதவும். நேத்து நடந்தது மொதல்ல போகும், பழசு கடைசி வரைக்கும் நிக்கும். ஆளுங்களோட பழக விடுங்க, நடக்க விடுங்க. எதுத்துப் பேசாதீங்க, பூட்டி வைக்காதீங்க"ன்னாங்க.

சொல்றது லேசு. எங்க வீட்டுல வந்து பாத்தாத்தானே தெரியும்.

அம்மாவுக்கு வேலையை விட்டதே மறந்துபோச்சு. காலையில ஹாரன் சத்தம் கேட்டா போதும், எந்திரிச்சு மூஞ்சியைக் கழுவி, தலையை இழுத்து முடிஞ்சு, தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துருவா. நான் போயி கையைப் பிடிப்பேன். "விடுடி, சீசன் நேரம், லீவு போட்டா போர்மேன் வைவாரு"ம்பா. "நீ வேலையை விட்டு வருசமாச்சு"ன்னு நான் கத்துவேன். "நான் எப்ப விட்டேன், பொய் சொல்றியே பாவி"ன்னு அவ கத்துவா. தெருவே வேடிக்கை பாக்கும். தினமும் இதே கூத்து. அவ அழுதுக்கிட்டே உக்காருவா, நான் அழுதுக்கிட்டே பிரஸ்ஸுக்கு லேட்டாப் போவேன். பகல்ல பக்கத்து வீட்டு அக்கா அப்பப்ப எட்டிப் பாப்பாக. ஆனா அம்மா கதவைத் தொறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிர்றான்னு அவுகளும் கைவிரிச்சுட்டாக. வேற வழியில்லாம வெளிப்பக்கமா ஒரு தாப்பாள் போட்டேன்.

எங்க அண்ணன் போன்ல, "மூளையே வத்தலாப் போச்சுங்கிறே, இனி என்ன இருக்கு? மதுரையில ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். நல்லாப் பாத்துக்கிடுவாக. வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்"னான். கெட்டவன் இல்ல, பயந்தவன். எனக்கும் அவனை வாதாடி ஜெயிக்க ஒரு வழியும் தெரியல. அம்மாவை வேத்து ஆளுக மத்தியில கொண்டுபோய் விடவும் மனசு வரல, வீட்டுல வச்சுப் பாக்கவும் முடியல. சரின்னுட்டேன். சரின்னு சொல்லிட்டு அன்னைக்குப் பூராவும் சோறு இறங்கல.

அவன் வர இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்கும்போது, ஒரு காலையில தெருக்குழாய்ல தண்ணி வந்துருச்சுன்னு சத்தம். எங்க பக்கத்துல தண்ணி வாறது கல்யாணம் மாதிரி, எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தா எல்லாரும் ஓடணும். குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். தாப்பாள் போட மறந்துட்டேன். ரெண்டாவது குடத்தை இறக்கி வைக்கும்போதுதான் வீடு அமைதியா இருக்கிறது உறைச்சுச்சு. அம்மா இல்ல. தூக்குச்சட்டி இல்ல.

ஸ்டாப்புக்கு ஓடினேன். எல்லா வேனும் போயிருச்சு. டீக்கடை அண்ணாச்சி, "உங்கம்மாவா? வேன்ல ஏறிப் போச்சேம்மா. நீதான் திரும்ப வேலைக்கு அனுப்புறியோன்னு நெனச்சேன்"னாரு. எந்த வேன்னு கேட்டேன். வெள்ளை வேன்னாரு. இந்த ரோட்டுல எந்த வேன் வெள்ளை இல்ல, சொல்லுங்க? சீசன் நேரத்துல தினமும் புது ஆளு சேரும். தூக்குச்சட்டியோட ஒரு பொம்பளை ஸ்டாப்புல நின்னா கம்பெனி ஆளுதான்னு ஏத்திக்கிடுவாக, யாரு என்னன்னு கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாக.

போன் எடுக்க வீட்டுக்குள்ள வந்தவ அடுப்படியைப் பாத்தேன். அடுப்புப் பக்கத்துல இருக்கிற தீப்பெட்டியைக் காணோம். கொஞ்ச நாளா அம்மா சோத்துக்குப் பதிலா கையில அகப்படுறதை எல்லாம் தூக்குச்சட்டியில போட்டு வைக்கிற பழக்கம் வந்திருந்துச்சு. ஒருநாள் சோப்பு இருந்துச்சு, ஒருநாள் எம் புருசனோட ஒத்தைச் செருப்பு. அப்பத்தான் புரிஞ்சுது. எங்கம்மா தீப்பெட்டியோட பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கிட்டிருக்கா. எங்க பக்கத்து ஆளுகளுக்கு இதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

யாருக்குப் போன் போட? வேலைக்குப் போற பொம்பளைக யாரும் போன் கொண்டு போக முடியாது, கம்பெனிக்குள்ள விடமாட்டாக. ஆபீஸ் நம்பருக அந்நேரத்துக்கு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா மகன் பைக்கை எடுத்தான், ரோட்டோரம் இருந்த கம்பெனி கேட்டுகள்ல போயி விசாரிச்சோம். கேட்டுல எல்லாரையும் சோதிச்சுத்தான் விடுவாகன்னு வாட்ச்மேன் தைரியம் சொன்னாரு. எனக்குத் தைரியம் வரல. எந்த நிமிஷம் எந்தப் பக்கத்துலருந்து டமார்னு கேக்குமோன்னு வானத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். கோயில் கண்ணுல பட்டா கும்பிட்டேன், சர்ச்சு கண்ணுல பட்டாலும் கும்பிட்டேன். அண்ணனுக்குப் போன் போட்டா, "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு கத்திட்டு, இன்னைக்கே பஸ் ஏறுறேன்னு வச்சுட்டான்.

வீட்டு வாசல்ல தலையில கையை வச்சு உக்காந்திருந்தேன். வெயில் ஏறின பெறகு தெருமுக்குல ஒரு வெள்ளை வேன் திரும்புச்சு. முன் சீட்டுல டிரைவருக்குப் பக்கத்துல எங்கம்மா, மடியில தூக்குச்சட்டியை வச்சுக்கிட்டு, கலெக்டரம்மா மாதிரி உக்காந்திருக்கா. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. ஓடிப்போயி கட்டிப் பிடிச்சேன். அவ என்னை ஏற இறங்கப் பாத்து, "ஏடி, இன்னும் குளிக்கலையா நீ?"ன்னா.

அந்த டிரைவருக்கு நாப்பது வயசு இருக்கும். அதுவரைக்கும் நான் பாத்ததில்ல. அவர் சொல்லித்தான் நடந்தது தெரிஞ்சுது. வேன்ல அம்மா பக்கத்துல உக்காந்த பொம்பளைகிட்ட, எப்பவோ செத்துப்போன போர்மேன் இன்னைக்கு வந்தாச்சான்னு கேட்டிருக்கா. கை மட்டும் சேலை முந்தியை வச்சு சரம் பின்னிக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பொம்பளைக்கு அப்பவே என்னமோ சரியில்லைன்னு தோணியிருக்கு. கொஞ்ச நேரத்துல அம்மா, "நீ காலையில சாப்பிடலையா, மூஞ்சி வாடியிருக்கே"ன்னு தூக்குச்சட்டியை நீட்டியிருக்கா. தொறந்து பாத்தா உள்ள ஒரு சீப்பு, எங்க டிவி ரிமோட்டு, தீப்பெட்டி.

வேற யாரா இருந்தாலும் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாக. அந்த மகராசி சத்தம் போடாம மூடியை மூடி, டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்லியிருக்கா. கேட்டுக்கு ரொம்ப முந்தியே நிறுத்தியிருக்காரு. தீப்பெட்டியை வாங்கி, குடிக்க வச்சிருந்த தண்ணியை ஊத்தி நனைச்சுத் தூரமா எறிஞ்சிருக்காரு. "எங்க போகணும்மா?"ன்னு கேட்டதுக்கு, "வேலைக்குத்தான், வேற எங்க போவாக?"ன்னு எங்கம்மா அவரையே வஞ்சிருக்கா. வேன் பூராவும் சிரிச்சிருக்கு. அவரு அம்மாவை முன் சீட்டுல உக்கார வச்சு, ஆளுகளைக் கேட்டுல இறக்கிவிட்டு, ஊரைக் கேட்டிருக்காரு. அம்மா அவ பெறந்த ஊரைச் சொல்லியிருக்கா, சாத்தூருக்கு அங்கிட்டு. அந்த மனுசன் அம்புட்டுத் தூரம் ஓட்டிக்கிட்டுப் போயி, தெருத்தெருவா விசாரிச்சு, அங்கன ஒரு பெரியவர் எங்கம்மாவை அடையாளம் கண்டு, இந்த ஊருக்குக் கட்டிக் குடுத்த பிள்ளைன்னு சொன்ன பெறகு இங்க கொண்டாந்திருக்காரு. நேத்து நடந்தது மொதல்ல போகும், பழசு நிக்கும்னு டாக்டரம்மா சொன்னதை அன்னைக்கு நான் கண்ணால பாத்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துல, "இனி வாசலைத் தாண்டு, காலை ஒடிக்கிறேன்"னு அம்மாவைப் பாத்துக் கத்திட்டேன். அவ என்னைக் கண்டுக்கவே இல்ல. தூக்குச்சட்டியை என் கையில குடுத்து, "வேலையில குடுத்தாக, சாப்பிடு"ன்னா. தொறந்தேன். ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் எலுமிச்சம் சோறு, அதுமேல ஒரு துண்டு அவிச்ச முட்டை. வேன்ல இருந்த பொம்பளைக ஒவ்வொருத்தியும் அவ அவ சோத்துல கொஞ்சம் எடுத்து வச்சு அனுப்பியிருக்காக. தெருவுல நின்னுக்கிட்டே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

டிரைவர் போகாம நின்னாரு. "அக்கா, அவுகள வையாதீக. அவுக வழி தப்பிப் போகல, வேலைக்குத்தேன் கிளம்புனாக. ஆளு பாக்காம ஏத்துனது என் தப்பு"ன்னாரு. அப்பறம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "நாளைக்கும் அனுப்புறீகளா?"ன்னு கேட்டாரு. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. கேலி பண்றாருன்னு நெனச்சேன். அவரு நெசமாத்தான் கேட்டாரு. "ஆளுகள இறக்கிட்டு வெறும் வண்டியாத்தேன் இந்த வழியா திரும்பி வாரேன். முன் சீட்டுல உக்காந்து ஒரு சுத்து வரட்டும். கேட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைக்க விடமாட்டேன், இப்ப இருக்கிற போர்மேன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். தூக்குச்சட்டிய மட்டும் நீங்க தொறந்து பாத்து அனுப்புங்க"ன்னாரு.

யாரு பெத்த பிள்ளையோ, இவருக்கு என்ன தலையெழுத்து? எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. பாப்போம்னேன்.

மறுநாள் காலையில எங்க அண்ணன் பையோட வந்து இறங்கினான். அம்மா துணிமணியை எடுத்து வைன்னான். அவன் சொல்லி வாய் மூடல, தெருமுக்குல ஹாரன். அம்மா எந்திரிச்சுட்டா. எப்பவும் போல கையைப் பிடிக்கப் போன நான், என்ன தோணுச்சோ, பிடிக்கல. தூக்குச்சட்டியைத் தொறந்து பாத்து, ரெண்டு இட்லியை வச்சு, கையில குடுத்து, "போயிட்டு வாம்மா"ன்னேன். எத்தனையோ மாசத்துல எங்க வீட்டுல சண்டை இல்லாம விடிஞ்சது அன்னைக்குத்தான். வேன்லருந்து ரெண்டு மூணு கை நீண்டுச்சு, அம்மாவை ஏத்திக்கிட்டாக. அண்ணன், "உனக்கென்ன பைத்தியமா?"ன்னு குதிச்சான். "ரெண்டு மணி நேரம் பொறு. அவ வரலைன்னா நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்"னேன். வாய்தான் சொல்லுச்சு, கண்ணு தெருமுக்கையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

சொன்ன மாதிரி வேன் வந்துச்சு. அம்மா இறங்கி வந்து, காலைக் கழுவி, முந்தியால மூஞ்சியைத் தொடச்சு, அப்பாடான்னு உக்காந்தா. முழு நாள் வேலை பாத்துட்டு வந்தவ மாதிரி அவ்வளவு நிம்மதி அந்த மூஞ்சியில. அண்ணனைப் பாத்தா. யாருன்னு தெரியல அவளுக்கு. எங்கிட்ட மெதுவா, "யாரு வீட்டுப் பிள்ளையோ, பசியா இருக்கு போல. சோத்தைப் போடு"ன்னா. எங்க அண்ணன் எந்திரிச்சுப் பொறவாசலுக்குப் போயிட்டான். ரொம்ப நேரம் கழிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு வந்து, அவ பக்கத்துல உக்காந்து, அவ கையால பிசைஞ்சு குடுத்த சோத்தைச் சாப்பிட்டான்.

நாலஞ்சு நாள் இருந்து பாத்தான். தினமும் அம்மா போனா, வந்தா, அசந்து தூங்கினா. கெளம்புறப்ப, "மதுரைக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்"னான்.

நானும் பிரஸ்ல கெஞ்சிக் கூத்தாடி, காலண்டருக்குக் கயிறு கோக்குற வேலையை வீட்டுக்கே வாங்கிட்டு வந்தேன். தாப்பாளைக் கழத்திட்டேன். அம்மா எம் பக்கத்துல உக்காந்து கோப்பா. பாதி தலைகீழாத்தான் இருக்கும். அவ தூங்கின பெறகு நான் அவுத்துக் கோத்துருவேன். தீபாவளி முடிஞ்சு கம்பெனி சாத்தினப்ப என்ன பண்றதுன்னு பயந்தேன். ஸ்டாப்பு வரைக்கும் கூட்டிட்டுப் போயி, "கம்பெனி லீவாம்மா, பூசை போட்டுத்தான் தொறப்பாகளாம்"னு சொன்னா, "ஆமா, தீபாவளி முடிஞ்சா அப்பிடித்தான்"னு சமத்தாத் திரும்பி வந்துருவா. எதுத்துப் பேசாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னதுக்கு அர்த்தம் எனக்கு அப்பத்தான் பிடிபட்டுச்சு.

போன வருஷம் திரும்ப ஸ்கேன் எடுத்தோம். சுருக்கம் கூடித்தான் இருக்குன்னு டாக்டரம்மா மறைக்காம சொன்னாங்க. படத்தைப் பாத்துட்டு அம்மாவையும் பாத்துட்டு, "இந்தப் படத்துக்கு இவங்க இவ்வளவு தெளிச்சியா இருக்காங்களே, என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. வேலைக்கு அனுப்புறோம்னேன். கதையைக் கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. "நோயை இது நிறுத்தாது. ஆனா இவங்களுக்கு ஒவ்வொரு நாளும் நல்ல நாளா இருக்கு பாருங்க, அதை எந்த மாத்திரையும் தராது"ன்னாங்க.

இப்ப அம்மாவுக்கு வேன் படி ஏற முடியல. என் பேரும் அவளுக்குத் தெரியாது, என்னையும் "யாரு வீட்டுப் பிள்ளை"ன்னுதான் கேக்குறா. முன்ன மாதிரி எனக்கு அழுகை வாறதில்ல, உம்மகதாம்மான்னு சொல்லிச் சோறு ஊட்டுறேன். அந்த டிரைவர் மட்டும் இன்னமும் காலையில எங்க தெருமுக்குல வேனை ஒரு நிமிசம் நிறுத்துறாரு. ஜன்னல் வழியா அந்தப் பொம்பளைக, "என்னம்மா, இன்னைக்கு வேலைக்கு வரலியா?"ன்னு சத்தம் போடுறாக. வாசல்ல நாற்காலியில உக்காந்திருக்கிற எங்கம்மா கையைத் தூக்கி, "நாளைக்கு வாரேன், சொல்லிருங்க"ங்கிறா. நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு அவ நம்புற வரைக்கும், அவளைப் பாத்துக்கிட எனக்குத் தெம்பு இருக்கும்.